மெனோபாஸ் நேரத்து மறதியும் மந்தமும்: வீட்டில் என்ன செய்யலாம், எப்போது டாக்டரிடம் போக வேண்டும்

பால் பொங்கி அடுப்பே அணைந்துபோகிறது. மோட்டாரைப் போட்டது மறந்து, மொட்டை மாடித் தண்ணீர் தெருவுக்கு ஓடுகிறது. பத்து வருடம் பழகிய பக்கத்து வீட்டு அக்காவின் பெயர் நாக்கு நுனியில் நிற்கிறது, வெளியே வரமாட்டேன் என்கிறது. 45 வயதுக்கு மேல் இதெல்லாம் ஒரே வாரத்தில் நடந்தால் முதலில் எழும் பயம், 'மாமியாருக்கு வந்த மறதி நோய் எனக்கும் வந்துவிட்டதோ' என்பதுதான். பெரும்பாலும் அது இல்லை. இந்த வயதில் வரும் மறதியில் பல சமயம், விஷயம் மனதில் பதியவே இல்லை என்பதுதான் உண்மை. தூக்கம் கெட்டிருக்கிறது, கவனம் சிதறியிருக்கிறது, சாவியைக் கை வைத்தது, மனம் பார்க்கவில்லை. அதனால் மூளைக்குப் பயிற்சி கொடுக்கிறேன் என்று குறுக்கெழுத்தில் உட்கார்வதைவிட, நினைவு வைக்கும் வேலையை வீட்டுப் பொருட்களிடமும் போனிடமும் தள்ளிவிடுவது நல்லது. கூடவே இரவுத் தூக்கத்தைச் சரிசெய்ய வேண்டும், இதே மாதிரி மந்தம் தரும் வேறு குறைகள் உடம்பில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

என்ன நடக்கிறது

தொடர்ந்து 12 மாதம் மாதவிடாய் வராமல் இருந்தால் அது மெனோபாஸ். இந்தியப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் வருகிறது. மேலை நாடுகளில் 51 வாக்கில். மறதியோ அதற்குச் சில வருடம் முன்பே, மாதவிடாய் தள்ளித் தள்ளி வரத் தொடங்கும்போதே ஆரம்பித்துவிடும். ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் கருப்பைக்கு மட்டும் உரியதில்லை. புதிய விஷயத்தைப் பதிய வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற மூளைப் பகுதி, திட்டமிடும் மூளையின் முன்பகுதி இரண்டும் அதை எதிர்பார்த்தே வேலை செய்கின்றன. அந்த ஹார்மோன் ஒரு மாதம் ஏறி, அடுத்த மாதம் இறங்கி ஆட்டம் காட்டும் காலத்தில்தான் சொற்கள் சிக்குகின்றன, படித்த பக்கத்தை மறுபடி படிக்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் 1990களின் நடுவில் தொடங்கி, மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல வருடம் தொடர்ந்து கவனித்த ஸ்வான் ஆய்வில், இந்த இடைக்காலத்தில் புதிதாகக் கற்பது மந்தப்படுவதும், மெனோபாஸுக்குப் பிறகு அது மீண்டும் சரியாவதும் தெரிந்தது. ஆக, பெரும்பாலோருக்கு இது கடந்துபோகும் காலம். ஆனால் கடக்கச் சில வருடம் ஆகும். அதுவரை குடும்பத்தையும் வேலையையும் ஓட்டியாக வேண்டும்.

கர்ப்பப்பை எடுத்தவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். நம் கடலூர், புதுச்சேரிப் பக்கத்தில் 40 வயதுக்குள்ளேயே இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் நிறையப் பேர். கர்ப்பப்பையை மட்டும் எடுத்து சினைப்பையை விட்டிருந்தால், மாதவிடாய் என்ற அடையாளம் இருக்காது, மெனோபாஸ் மட்டும் பிற்பாடு சத்தமில்லாமல் வரும். 'எனக்குத்தான் எப்பவோ முடிஞ்சுபோச்சே' என்று நினைத்து வேர்வையையும் மறதியையும் வேறு எதிலோ தேடுவார்கள். சினைப்பைகள் இரண்டையும் எடுத்திருந்தால் ஹார்மோன் ஒரே நாளில் விழும், அறிகுறிகள் கடுமையாக இருக்கும். 45 வயதுக்குள் அப்படி எடுத்தவர்கள், ஹார்மோன் மாத்திரை தேவையா என்று மகளிர் மருத்துவரிடம் கட்டாயம் கேட்க வேண்டும்; எலும்புக்கும் இதயத்துக்கும்கூட அந்தக் கேள்வி முக்கியம். எது எடுத்தார்கள் என்று தெரியாவிட்டால் டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும்.

முதலில் ரத்தம் பாருங்கள்

எல்லாவற்றையும் மெனோபாஸ் தலையில் கட்டுவதுதான் இந்த வயதில் நடக்கும் பெரிய தவறு. இதே மந்தத்தை அப்படியே தரக்கூடிய, மருந்தால் தீரக்கூடிய குறைகள் நாலைந்து உண்டு.

தைராய்டு முதலாவது. சோர்வு, உடல் எடை, மலச்சிக்கல், முடி கொட்டுதல், மறதி என்று எல்லாமே மெனோபாஸ் மாதிரியே இருக்கும். டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை போதும். முடிக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் தைராய்டு முடிவு தப்பாக வரலாம். ஏற்கெனவே தைராய்டுக்கான தைராக்ஸின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு மந்தம் தீரவில்லை என்றால், பல சமயம் டோஸைவிட எடுக்கும் முறையில்தான் பிழை. வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும், காபிக்கு 30 முதல் 60 நிமிடம் முன்பு எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் அதற்கும் 4 மணி நேர இடைவெளி வேண்டும். மாத்திரையை வாயில் போட்டு ஃபில்டர் காபியால் விழுங்கினால் மருந்தில் ஒரு பங்கு வீண்.

அடுத்தது ரத்தசோகை. மெனோபாஸுக்கு முந்தைய வருடங்களில் உதிரப்போக்கு அதிகமாவது சகஜம், அதில் இரும்புச் சத்து காலியாகிறது. ஹீமோகுளோபின் 12க்குக் கீழே போனால் ரத்தசோகை. 12க்கு மேல் இருந்தும் தலை சுற்றல், மந்தம் இருந்தால் ஃபெரிட்டினும் பார்க்கச் சொல்லுங்கள். அது 30க்குக் கீழ் இருந்தால் இரும்புக் கையிருப்பு குறைவு என்றே பல மருத்துவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரும்பு மாத்திரையை டீ, காபிக்குப் பக்கத்தில் எடுக்காதீர்கள். எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ கூட இருந்தால் நன்றாக உறிஞ்சும்.

பி12 குறைவு மூன்றாவது. சுத்த சைவம் சாப்பிடுகிறவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருடக்கணக்கில் எடுக்கிறவர்கள், நெஞ்செரிச்சலுக்கு பான்டோப்ரசோல் போன்றதை நிறுத்தாமல் சாப்பிடுகிறவர்கள் மூவருக்கும் வாய்ப்பு அதிகம். காலில் மதமதப்பு, நாக்கில் எரிச்சல் இருந்தால் தாமதிக்க வேண்டாம். நீண்ட நாள் விட்டால் நரம்பு பாதிப்பு முழுதாகத் திரும்பாமல் போகலாம். ஆரோவில் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும் ஸ்பைருலினாவில் பி12 இருக்கிறதே என்று சிலர் அதை நம்புகிறார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி உடம்பு பயன்படுத்த முடியாத வகை. புரதத்துக்காகச் சாப்பிடுங்கள், பி12க்காக வேண்டாம்.

சர்க்கரைக்கு, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை பாருங்கள், 6.5ம் அதற்கு மேலும் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு. ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் கடலூர் மாவட்டக் கிராமங்களில் பிபியும் சர்க்கரையும் வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். வரும் அக்காவிடம் மறதியைப் பற்றியும் சொல்லுங்கள்.

பிறகு, வீட்டில் இருக்கும் மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். சளிக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சிபிஎம், தூக்கம் வரவழைக்கும் இருமல் சிரப், அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரை, நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், சிறுநீர் அடக்க முடியாததற்குத் தரும் ஆக்சிபியூட்டினின் எல்லாமே மறதியைக் கூட்டும். பிபிக்குத் தரும், சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் சில 'தண்ணீர் மாத்திரை'கள் உப்புச் சத்தைக் குறைத்து, வேர்வை ஊற்றும் மே மாதத்தில் தலையைக் குழப்பும். இவற்றில் எதையும் நீங்களாகத் திடீரென நிறுத்தாதீர்கள். தூக்க மாத்திரையை ஒரே நாளில் விட்டால் வலிப்புகூட வரலாம். டப்பாவோடு போய் டாக்டரிடம் காட்டி, எதைக் குறைக்கலாம் என்று கேளுங்கள்.

இரவு சரியானால் பாதி சரி

பகலில் கேட்டதையும் பார்த்ததையும் மூளை பத்திரப்படுத்துவது ஆழ்ந்த தூக்கத்தில். இரவு 2 மணிக்கு உடம்பு தகித்து, வேர்வையில் நனைந்து எழுந்து, நைட்டி மாற்றி, மறுபடி தூங்க ஒரு மணி நேரமாகிறது என்றால் அடுத்த நாள் மறதிக்கு வேறு காரணம் தேடத் தேவையில்லை.

நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். கடலூர் முதுநகரிலும் புதுச்சேரி கடலோரத்திலும் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இரவு வேர்வை உலராது. அதனால் ஏசி இருந்தால்கூட குளிர் அளவைவிட ஈரம் குறைப்பது முக்கியம். 'டிரை' பயன்முறையில் 26 டிகிரியில் வைத்து, மெதுவாக ஃபேனும் ஓடட்டும். ஏசி இல்லாத வீட்டில் கட்டிலை மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறையிலிருந்து மாற்றுவதே பெரிய விடுதலை. பகலெல்லாம் வெயில் குடித்த கான்கிரீட் நள்ளிரவு வரை சூட்டை விடும். பாலியஸ்டர் கலந்த நைட்டியும் பளபளப்பான மெத்தை விரிப்பும் வேண்டாம், பழைய மெல்லிய பருத்திப் புடவை விரிப்பு போதும். தலைமாட்டில் ஈரத்துணி, ஒரு சொம்பு தண்ணீர், மாற்று நைட்டி மூன்றையும் படுக்கும் முன்பே வைத்துவிடுங்கள். விளக்கைப் போட்டு பீரோவைத் திறந்தால் தூக்கம் முழுதாகக் கலையும்.

காபியின் கஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலை 4 மணிக் காபி இரவு 9 மணிக்கும் பாதி உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கடைசிக் காபியை மதியம் 2 மணிக்கு முன் முடியுங்கள். ஒரேயடியாக விட்டால் தலைவலி வரும், தினம் குடிப்பதில் வாரத்துக்கு ஒரு டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வாருங்கள். மது அருந்துகிற பழக்கம் இருந்தால், அது தூங்க வைத்துவிட்டு நடு ராத்திரியில் எழுப்பிவிடும் வகை. மதியத் தூக்கம் 3 மணிக்கு முன், 20 முதல் 30 நிமிடம். சீரியல் பார்த்தபடி சோபாவில் ஒன்றரை மணி நேரம் கண்ணயர்ந்தால் இரவு போச்சு. படுத்து 20 நிமிடத்துக்கு மேல் தூக்கம் வரவில்லை என்றால் எழுந்து மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். படுக்கையில் புரண்டபடி கவலைப்பட்டால், படுக்கை என்றாலே விழிப்பு என்று உடம்பு பழகிவிடும்.

குறட்டை பலமாக இருந்து, நடுவில் மூச்சு நின்று திணறுவதாக வீட்டார் சொன்னால் இந்த வழிகள் எதுவும் உதவாது. மெனோபாஸுக்குப் பிறகு பெண்களுக்கும் தூக்கத்தில் மூச்சுத்தடை அதிகமாகிறது, அதற்குத் தனிப் பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு. 'பொம்பளை குறட்டை விடுறா' என்று வெட்கப்பட்டு மறைப்பதால்தான் இது பிடிபடுவதில்லை.

வீட்டிடம் வேலையைக் கொடுங்கள்

அடுப்பிலிருந்து தொடங்கலாம், ஆபத்து அங்கேதான். ஒரே விதி: அடுப்பு எரியும்போது சமையலறையை விட்டு வெளியே போனால் டைமரும் கூடவே வர வேண்டும். போன் டைமர் போதும், ஆனால் போனை ஹாலில் சார்ஜில் போட்டுவிட்டு வாசலில் பேசிக்கொண்டிருந்தால் அது யாருக்காகக் கூவும்? முடிச்சுப் போட்டுக் கழுத்தில் மாட்டும் சின்ன டைமர் இன்னும் நல்லது. பாலுக்கு விசில் அடிக்கும் பால் குக்கர், அல்லது நேரம் வைத்தால் தானே அணையும் இண்டக்ஷன் அடுப்பு வாங்கிவிடுங்கள். பாலும் வெந்நீரும் இனி கேஸில் வேண்டாம். பிரஷர் குக்கரில் விசில் எண்ணுவதையும் விடுங்கள். மிக்ஸி சத்தத்தில் ஒன்று தப்பும், மனம் எங்கோ போகும்போது இரண்டு தப்பும், தண்ணீர் வற்றி வால்வு போகும். முதல் விசில் வந்ததும் சிம்மில் வைத்து டைமர் போடுங்கள். துவரம் பருப்புக்கு 10 நிமிடம் சரியாக இருக்கும்.

உப்புப் போட்டோமா என்ற சந்தேகத்துக்கு ஒரு எளிய வழி: வேண்டிய டப்பாக்களை எல்லாம் முதலில் அடுப்புக்கு வலப் பக்கம் எடுத்து வையுங்கள். போட்டு முடித்ததை இடப் பக்கம் நகர்த்துங்கள். நடுவில் போன் வந்தாலும் திரும்பி வந்து பார்த்தால் எது பாக்கி என்று மேடையே சொல்லும்.

மோட்டாருக்கு டைமர் வேண்டாம், தானாக நிறுத்தும் கருவியே வையுங்கள். இரண்டு வகை கிடைக்கும். தண்ணீர் தொட்டால் மின்சாரம் பாய்ந்து உணரும் கம்பி வகை விலை குறைவு. ஆனால் நம் கடலோர உப்புத் தண்ணீரில் கம்பியில் படலம் ஏறி, தொட்டி காலியாக இருந்தும் நிரம்பியதாகக் காட்டும், அல்லது நிரம்பியும் நிறுத்தாது. அதை வைத்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கம்பியைத் தேய்த்துக் கழுவ வேண்டும். மிதவை வகைக்கு இந்தத் தொல்லை குறைவு. போரில் தண்ணீர் இல்லாதபோது மோட்டார் வெறுமனே ஓடாமல் நிறுத்தும் வசதியும் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டு வாங்குங்கள்.

வெளியே கிளம்பும்போதும் படுக்கும்போதும் கை நீட்டி, வாய்விட்டுச் சொல்லுங்கள்: 'கேஸ் மூடியாச்சு', 'அயர்ன் பாக்ஸ் பிளக் எடுத்தாச்சு', 'பின் கதவு பூட்டியாச்சு'. ஜப்பான் ரயில் ஊழியர்கள் சிக்னலைக் கை காட்டி உரக்கச் சொல்வது இதே முறைதான். கண்ணும் கையும் காதும் சேர்வதால் பதிகிறது. மனதுக்குள் சொன்னால் பலன் பாதி. பஸ் ஸ்டாண்டு போனபிறகு 'மூடினேனா?' என்று கேள்வி வந்தால், சொன்ன சொல் நினைவுக்கு வரும். ஒரு தடவைக்கு மேல் திரும்பிப் போய்ப் பார்க்காதீர்கள். அது பழக்கமானால் ஒவ்வொரு சரிபார்ப்பும் சந்தேகத்தைத்தான் கூட்டும்.

சாவி, கண்ணாடி, பர்ஸ், போன் நாலுக்கும் வாசல் பக்கம் ஒரே தட்டு. பூஜை அலமாரி, டிவி மேல், ஃப்ரிட்ஜ் மேல் எல்லாம் தடை. இதைவிடப் பெரிய எதிரி 'பத்திரமான இடம்'. ரேஷன் கார்டையும் நகைச் சீட்டையும் அரிசி டின்னுக்கு அடியிலும் புடவை மடிப்பிலும் ஒளித்துவிட்டு, ஒரு வருடம் கழித்து வீட்டையே புரட்டுவோம். திருடனைவிட நாமே அதிகம் தேடுகிறோம். பத்திரங்களுக்கு ஒரே ஃபைல். நகை வைத்த இடத்தை நம்பிக்கையான ஒருவரிடமாவது நேரில் சொல்லிவையுங்கள்.

ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வந்து 'எதுக்கு வந்தேன்?' என்று நிற்பதற்குக் கையில் ஒரு சாட்சி கொண்டு போங்கள். கத்தரிக்கோல் எடுக்கப் போனால் வெட்ட வேண்டிய பாக்கெட்டைக் கையில் பிடித்தபடி போவது. சிரிப்பாக இருக்கும், தவறாது.

மாத்திரைக்கு ஏழு நாள் டப்பா, காலை இரவு என்று இரு வரிசை உள்ளது. ஞாயிறு காலை நிரப்புங்கள். நம் ஊர் ஈரத்தில் ஃபாயிலிலிருந்து பிரித்துப் போட்டால் சில மாத்திரைகள் இளகிக் கெடும், தைராக்ஸின் அப்படிப்பட்டது. ஃபாயிலோடு கத்தரித்துப் போடுங்கள். டப்பா சமையலறைச் சூட்டில் வேண்டாம், கட்டில் பக்கத்து அலமாரியில் இருக்கட்டும். சாப்பிட்டோமா என்று சந்தேகம் வந்தால் குழியைப் பார்த்தால் போதும். டப்பா இல்லாமல் சந்தேகம் வந்த நாளில் பிபி, சர்க்கரை மாத்திரையை மறுபடி போடக் கூடாது. இரட்டை டோஸ், ஒரு வேளை விட்டுப்போவதைவிட ஆபத்து.

போன் அலாரம் ஏன் தோற்கிறது? ஒரே ஒலி, 'மாத்திரை' என்று ஒற்றைச் சொல். பத்து நாளில் கை தானாக அணைத்துவிடும், மூளைக்குத் தெரியவே தெரியாது. 'கட்டில் அலமாரி, இரவுக் குழி, பிபி மாத்திரை' என்று இடத்தோடு எழுதுங்கள். மாதம் ஒருமுறை ஒலியை மாற்றுங்கள். மாத்திரை கையில் வரும்வரை அலாரத்தை நிறுத்தாதீர்கள், தள்ளி மட்டும் வையுங்கள். எழுத நேரமில்லாததை வாட்ஸ்அப்பில் உங்களுக்கே அனுப்பிக்கொள்ளலாம். வாய்ஸ் மெசேஜாகச் சொன்னால் இன்னும் வேகம். அந்தச் சாட்டை மேலே பின் செய்துவையுங்கள். கடலூர்ப் பக்கம் கரண்டு பில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான், அதனாலேயே மறக்கும். ரீடிங் எடுத்த அன்றே கட்டிவிடுவது நல்லது.

பணம், கணக்கு, வேலை

மகளிர் சுயஉதவிக் குழுவில் கணக்கு எழுதுகிறவர், மீன் கூடையில் கடன் கொடுக்கிறவர், துணி தைக்கிறவர், ஆசிரியை என யாராக இருந்தாலும் விதி ஒன்று: பணம் கை மாறும் அதே இடத்தில், கொடுத்தவர் முன்னாலேயே எழுதுங்கள். 'வீட்டுக்குப் போய் எழுதிக்கிறேன்' என்பதில்தான் சண்டையே பிறக்கிறது. ஒரே நோட்டு, கயிறு கட்டிய பேனா. துண்டுச் சீட்டு வேண்டாம்.

வேலைக்கு நடுவே யாராவது கூப்பிட்டால் எழுந்திருக்கும் முன் 10 விநாடி எடுத்து அடுத்த அடியை எழுதுங்கள்: 'மார்ச் வவுச்சர் 14 வரை சரி பார்த்தாச்சு, அடுத்து 15'. தையலில் 'இடக் கை பாக்கி' என்று சாக்பீஸால் துணியிலேயே. கணக்கு, தேர்வுத் தாள் திருத்துவது, முக்கியமான பேச்சு எல்லாவற்றையும் தலை தெளிவாக இருக்கும் நேரத்தில் வையுங்கள். பலருக்கு அது காலை 7 முதல் 11 வரை. போனில் ஓடிபி கேட்டு அவசரப்படுத்துகிறவர்களுக்கு எந்த நேரத்திலும் பதில் சொல்ல வேண்டாம். அவசரமும் மந்தமும் சேரும் இடத்தில்தான் பணம் போகிறது.

சொல் சிக்கினால் அதோடு மல்லுக்கட்டாதீர்கள். 'அதான், கோணிப்பை தைக்கிற பெரிய ஊசி' என்று சுற்றிச் சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடருங்கள், தேடுவதை நிறுத்தியதும் அது தானே வரும். புதியவரின் பெயரைக் கேட்டதும் அந்தப் பேச்சிலேயே இரண்டு முறை சொல்லிக் கூப்பிடுங்கள், விடைபெறும்போது ஒருமுறை.

நடை, சாப்பாடு

வாரம் 150 நிமிடம் வேக நடை. பேச முடியும், பாட முடியாது என்கிற வேகம். நினைவுக்கு மருந்து என்று உறுதியாகச் சொல்லக்கூடியவற்றில் இது முதல் வரிசையில் வரும், தூக்கத்துக்கும் மனத்துக்கும் கூடவே உதவும். புதுச்சேரி கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 வரை வண்டிகள் வராது. கவனம் சிதறும் நாட்களில் அந்த இடம் பாதுகாப்பு. கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச், மஞ்சக்குப்பம் மைதானம். கத்திரி வெயிலில் காலை 6.30க்குள் முடித்துவிடுங்கள். வாரம் இரண்டு நாள் தசைக்கு: கை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து 10 முறை எழுந்து உட்கார்வது, இரண்டு சுற்று. 2 லிட்டர் தண்ணீர் பாட்டில் இரண்டு கிலோ. டம்பெல் வாங்கத் தேவையில்லை.

சாப்பாட்டில் புரதம்தான் குறைகிறது. உடம்பு எடையில் கிலோவுக்கு சுமார் 1 கிராம் வேண்டும், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் டாக்டர் சொன்ன அளவு. காலையில் இரண்டு இட்லி, தேங்காய்ச் சட்னி என்றால் 11 மணிக்கு மந்தம் வந்தே தீரும். ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ கூடச் சேருங்கள். மத்தி, கானாங்கெளுத்தி வாரம் இரண்டு முறை. வஞ்சிரத்தைவிட மலிவு, ஒமேகா 3ம் பி12ம் கிடைக்கும், வறுப்பதைவிடக் குழம்பு மேல். தண்ணீரைத் தாகத்துக்கு விட்டுவிடாமல், வேர்க்கும் மாதங்களில் பகலுக்குள் இரண்டு லிட்டருக்குக் குறையாமல் குடித்துவிடுங்கள். மோரும் இதில் சேர்த்தி. மாலைக்குப் பிறகு குறையுங்கள், ராத்திரி எழுப்பும்.

வல்லாரை? கீரையாகத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், நல்ல கீரை. மெனோபாஸ் மறதி அதனால் தீரும் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. என்ன சேர்த்தார்கள் என்று எழுதாத லேகியமும் பொடியும் வாங்க வேண்டாம். கல்லீரலைக் கெடுக்கும் கலப்பு இருந்தால் உங்களுக்குத் தெரியவே தெரியாது.

ஹார்மோன் சிகிச்சை பற்றி

மறதிக்காக மட்டும் ஹார்மோன் எடுப்பதை மருத்துவ வழிகாட்டுதல்கள் பரிந்துரைப்பதில்லை. ஆனால் உடல் தகிப்பும் இரவு வேர்வையும் வாழ்க்கையைக் கெடுக்கும் அளவுக்கு இருந்தால் அதற்கு இதைவிடப் பலமான மருந்து இல்லை, தூக்கம் திரும்பினால் தலையும் தெளியும். 60 வயதுக்குள், அல்லது மெனோபாஸ் வந்து 10 வருடத்துக்குள் தொடங்குவதே பொதுவாகப் பாதுகாப்பானது. 2002இல் அமெரிக்காவின் பெரிய ஆய்வு ஒன்று வெளியான பிறகு உலகம் முழுக்க ஒரு பயம் பரவியது. அதன் தொடர்ச்சியில் மறதி நோய் ஆபத்து கூடியதாகக் கண்டது 65 வயதுக்கு மேல் தொடங்கியவர்களிடம். கர்ப்பப்பை இருப்பவர்கள் ஈஸ்ட்ரோஜனோடு புரோஜெஸ்டிரோனும் எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் கர்ப்பப்பை உட்சுவரில் புற்றுநோய் ஆபத்து கூடும். மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு, கல்லீரல் நோய் வந்தவர்களுக்கும், காரணம் தெரியாத உதிரப்போக்கு உள்ளவர்களுக்கும் பொதுவாகக் கொடுப்பதில்லை. பக்கத்து வீட்டாருக்கு எழுதிய சீட்டை வைத்து வாங்கும் மருந்து இது இல்லை.

12 மாதம் நின்ற பிறகு ஒரு சொட்டு உதிரம் பட்டாலும் அது 'மறுபடி பீரியட்ஸ்' அல்ல. அந்த வாரமே மகளிர் மருத்துவரைப் பாருங்கள்.

எப்போது, எங்கே

சாவி எங்கே என்று தேடுவது இந்த வயதுக்கு உரியது. சாவி எதற்கு என்று தெரியாமல் நிற்பது வேறு. தினம் போகும் தெருவில் வழி தெரியாமல் போவது, ஒரே கேள்வியை அரை மணி நேரத்தில் மூன்று முறை கேட்பது, 20 வருடம் செய்த சாம்பாரின் வரிசை குழம்புவது, குணம் மாறுவது, மறப்பது உங்களுக்குத் தெரியாமல் வீட்டாருக்கு மட்டும் தெரிவது ஆகியவற்றுக்கு நரம்பியல் மருத்துவர் வேண்டும். திடீரென வாய் கோணல், ஒரு பக்கக் கை கால் பலமின்மை, பேச்சுக் குழறல் என்றால் உடனே 108. ரத்தக்கட்டைக் கரைக்கும் ஊசிக்கு 4.5 மணி நேரம்தான் கெடு. எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் மனம் சோர்ந்திருந்தால் அதுவும் மறதியாகவே வெளிப்படும்; அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மனஸ் எண் 14416இல் தமிழில் பேசலாம், கட்டணமில்லை.

கடலூரில் அரசு தலைமை மருத்துவமனை, புதுச்சேரியில் எல்லைப்பிள்ளைச்சாவடி ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை, கோரிமேடு ஜிப்மர் மூன்றிலும் மகளிர் பிரிவு உண்டு. ஜிப்மருக்குக் கடலூரிலிருந்து போகிறவர்கள் காலையிலேயே போய்ப் பதிய வேண்டும், பழைய சீட்டுகளும் கையில் இருக்கட்டும்.

போவதற்கு முன் மூன்று வாரம் ஒரு நோட்டில் தினம் ஒரு வரி எழுதுங்கள்: எத்தனை மணி நேரத் தூக்கம், எத்தனை முறை வேர்த்து எழுந்தீர்கள், மாதவிடாய் உண்டா, என்ன மறந்தது, எந்த மாத்திரை. டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் எல்லாம் மறந்து 'லேசா தலை மந்தமா இருக்கு டாக்டர்' என்று மட்டும் சொல்லிவிட்டு வருவது இதனால் தவிரும். கூட மகளோ மருமகளோ வந்தால், 'இவங்க மறக்கிறதை நீங்க பாத்தீங்களா?' என்ற கேள்விக்கு அவரே பதில் சொல்லட்டும். தைராய்டு டோஸ் மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து டிஎஸ்எச் மறுபடி பார்க்க வேண்டும். அந்தத் தேதியைச் சீட்டு கையில் வாங்கியதும், ஆஸ்பத்திரி வாசலிலேயே போனில் போட்டுவிடுங்கள்.